செடிக்குள்ள என்ன இருக்கு: செல் சுவரைப் படிச்சா திசுக்கள் புரியும்

தாவர உள்ளமைப்பியல்னு பாடத்தைத் திறந்ததுமே பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா, எண்டார்க், எக்ஸார்க்னு பேரா வந்து விழும், கூடவே வட்டம் வட்டமா படம் இருக்கும், அதுல இருபது அம்புக்குறி. பெரும்பாலானவங்க இதை மனப்பாடம் பண்ணி எழுதிட்டு அடுத்த மாசம் மறந்துடறாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா இந்தப் பாடத்துல மனப்பாடம் பண்ண வேண்டியது உண்மையிலேயே கொஞ்சம்தான். ஒரே ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா மீதியை நாமளே யோசிச்சு வரவழைச்சுடலாம். அந்த விஷயம் செல் சுவர்.

விலங்கு செல்லுக்கு சுவர் கிடையாது, சவ்வு மட்டும்தான், அதனால அது நகரும், வளையும், வேணும்னா இடம் மாறும். தாவர செல்லுக்கு செல்லுலோஸ்ல ஆன சுவர் இருக்கு, பக்கத்து செல்லோட பெக்டின் போட்டு ஒட்டிக்கிட்டும் இருக்கு, எந்த இடத்துல உருவாச்சோ கடைசி வரைக்கும் அந்த அக்கம்பக்கத்தோடதான் இருக்கணும். ஓடவும் முடியாது, நகரவும் முடியாது. அப்போ நிமிந்து நிக்கறது, தண்ணி ஏத்தறது, காயாம இருக்கறது, சாப்பாட்டை அனுப்பறது எல்லாத்தையும் அந்த சுவரை எப்படிக் கட்டறோம்ங்கறதை வச்சுதான் செடி சமாளிக்கணும். எங்க தடிமனாக்கறது, எங்க மெல்லிசா விடறது, எதைப் பூசறது, எங்க ஓட்டை போடறது, கட்டி முடிச்சதும் உள்ள இருக்கற உயிரை வச்சுக்கறதா விட்டுடறதா, இவ்வளவுதான் கேள்வி. எந்த திசுவைப் பாத்தாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்க, அது என்ன வேலை செய்யுதுன்னு அதுவே காட்டிக்கொடுக்கும்.

திசுன்னா ஒரே மூலத்துலேர்ந்து வந்து, சேந்து ஒரு வேலையைச் செய்யற செல்களோட கூட்டம். பூக்கும் தாவரத்துல எந்த உறுப்பை எடுத்தாலும், வேர், தண்டு, இலை எதுவா இருந்தாலும், மூணு அமைப்புதான் இருக்கும்: வெளியில தோல், நடுவுல குழாய்கள், இது ரெண்டுக்கும் இடையில மீதி இடத்தை நிரப்பற அடிப்படைத் திசு. இப்படிப் பிரிச்சுச் சொன்னது ஜெர்மன் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ், 1875ல. இன்னிக்கும் அதைத்தான் பின்பற்றறோம். வேருக்கும் தண்டுக்கும் இலைக்கும் உள்ள வித்தியாசம் என்னன்னா இந்த மூணும் எப்படி அடுக்கப்பட்டிருக்குங்கறது மட்டும்தான்.

முதல்ல செல்கள் எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடுவோம். நம்ம உடம்பு மாதிரி எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா செடி வளராது. புது செல் உருவாக்கறதுக்குன்னு சில இடங்கள் இருக்கு, அதுக்குப் பேரு ஆக்குத்திசு, மெரிஸ்டெம்னும் சொல்லுவாங்க. தண்டு நுனியிலயும் வேர் நுனியிலயும் இருக்கறது நுனி ஆக்குத்திசு, நீளத்தைக் கூட்டும். பக்கவாட்டுல இருக்கற கேம்பியம் பருமனைக் கூட்டும். புல் வகைகள்ல இலையோட அடியிலயும் கணுவுக்கு மேலயும் இடை ஆக்குத்திசு இருக்கு, அதனாலதான் புல்லை மேல எவ்வளவு வெட்டினாலும் கீழேர்ந்து திரும்ப வந்துக்கிட்டே இருக்கு. இங்க சுவரைக் கவனிங்க: ஆக்குத்திசு செல்லோட சுவர் ரொம்ப மெல்லிசு, உள்ள சைட்டோபிளாசம் நிறைய, நியூக்ளியஸ் பெருசு. பிரிஞ்சுக்கிட்டே இருக்க வேண்டிய செல்லுக்கு தடிமனான சுவர் இடைஞ்சல்தான். ஒரு மரத்தண்டுல தரையிலேர்ந்து ஒரு மீட்டர் உயரத்துல ஒரு கோடு கீறினா, அம்பது வருஷம் கழிச்சும் அந்தக் கோடு அதே ஒரு மீட்டர்லதான் இருக்கும், அகலமாகி இருக்கலாம், மேல ஏறியிருக்காது. நிறைய பேர் இதை நம்ப மாட்டாங்க, ஆனா நீள வளர்ச்சி நுனியில மட்டும்தான் நடக்குதுன்னு புரிஞ்சா இதுல ஆச்சரியமே இல்ல.

பிரியறதை நிறுத்திட்டு ஒரு வேலையில செட்டில் ஆன செல்கள் நிலைத்திசு. இதுலதான் அந்த மூணு பேரும் வருது.

பாரன்கைமா மெல்லிசான சுவர், உயிரோட இருக்கும், செல்களுக்கு நடுவுல காத்து இடைவெளி இருக்கும். சுவர்ல எந்த ஏற்பாடும் பண்ணாததால எந்த வேலையை வேணும்னாலும் குடுக்கலாம். பசுங்கணிகம் வந்தா ஒளிச்சேர்க்கை, ஸ்டார்ச் சேத்தா சேமிப்பு, காத்து இடைவெளி பெருசானா ஏரன்கைமா, தாமரை அல்லி மாதிரி தண்ணிச் செடிகள்ல வேர் வரைக்கும் காத்து போறது இது வழியாத்தான். சில செல்கள் கால்சியம் ஆக்சலேட் படிகத்தை ஊசி ஊசியா சேத்து வச்சுக்கும், சேம்பு மாதிரி சில கிழங்குகள்ல கை வச்சா அரிக்கறதுக்கு அந்த ஊசியும் ஒரு காரணம். இன்னொரு முக்கியமான விஷயம், உயிரோட இருக்கறதால பாரன்கைமா செல் தேவைப்பட்டா திரும்பப் பிரிய ஆரம்பிக்கும், காயம் ஆறறது, வெட்டின தண்டை மண்ணுல நட்டா வேர் விடறது இதெல்லாம் இந்தத் திறமையாலதான். தண்ணி விடாத செடி துவண்டு போறதும் இதனாலதான், மெல்லிசான சுவர் உள்ள இருக்கற தண்ணியோட அழுத்தத்துலதான் விறைப்பா நிக்குது, தண்ணி குறைஞ்சா தொங்கிடும்.

தண்ணியை மட்டும் நம்பி நிக்க முடியாதுன்னா சுவரை பலப்படுத்தணும். ஆனா இளந்தண்டு இன்னும் நீண்டுக்கிட்டு இருக்கு, இப்பவே இறுக்கமா கட்டிட்டா வளர முடியாது. இந்தச் சிக்கலுக்கு வந்த பதில்தான் கோலன்கைமா. சுவர் முழுக்கத் தடிமனாக்காம மூலைகள்ல மட்டும் செல்லுலோஸும் பெக்டினும் படிஞ்சிருக்கும், சுவரை இறுக்கமாக்கற லிக்னின்ங்கற பொருள் கிடையாது, செல் உயிரோடயே இருக்கும், அதனால இழுத்தா நீளும். இலைக்காம்புலயும் இளந்தண்டோட தோலுக்குக் கீழயும் இருக்கும், காத்தடிச்சா காம்பு ஒடியாம வளைஞ்சு திரும்பறது இதனாலதான். ஒருவிதையிலைத் தாவரங்கள்ல பொதுவா இதைப் பாக்க முடியாது, வேர்லயும் அப்படித்தான்.

வளர்ந்து முடிச்ச இடத்துல இனி நீள வேண்டியதில்ல, அங்க ஸ்கிளிரன்கைமா. சுவர் முழுக்க ஒரே சீரா தடிமன், அதுக்கு மேல லிக்னின் ஏத்தி இறுக்கிடும், வேலை முடிஞ்சதும் பெரும்பாலும் செல் செத்துடும். செத்தாலும் சுவர் நிக்கும், செடிக்கு வேண்டியது அந்த சுவர்தான். இதுல நீளமா இருந்தா நார், குட்டையா இருந்தா கல்செல். பேரிக்காயைக் கடிச்சா மண்ணு மாதிரி நறநறன்னு படறது கல்செல் கூட்டம். தேங்காய் ஓடு கிட்டத்தட்ட முழுக்க கல்செல்தான், அதோட மட்டையில வர்றது நார். சணல் நாரும் ஆளிச்செடி நாரும் சாப்பாட்டைக் கடத்தற புளோயத்தோட சேந்து வர்ற நார்கள். ஆனா பருத்தியை இந்தக் கணக்குல சேத்துடாதீங்க, அது விதையோட புறத்தோல் செல் ஒண்ணு நீண்டு முடியா ஆனது, கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ், லிக்னின் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அதனாலதான் சணல் சொரசொரன்னும் பருத்தி மெத்துன்னும் இருக்கு.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன், தண்ணி கடத்தற சைலமும் சாப்பாட்டைக் கடத்தற புளோயமும். இந்த ரெண்டு பேரையும் 1858ல வச்சவர் கார்ல் நேகெலி. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிச் சொல்லி, ஏதோ மேல போற பைப்பு கீழ வர்ற பைப்புன்னு ஒரே மாதிரி ரெண்டு குழாய்னு நினைச்சுக்கறோம். கட்டுமானத்துல ரெண்டும் நேரெதிர்.

சைலத்துல தண்ணி கடத்தற செல்கள் ரெண்டு வகை, டிரக்கீடு, வெசல். டிரக்கீடு நீளமா, ரெண்டு முனையும் கூர்மையா இருக்கும், ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு சுவர்ல இருக்கற குழிகள் வழியா தண்ணி போகும். வெசல் அதைவிட அகலம், செல்கள் ஒண்ணு மேல ஒண்ணா நின்னு நடுவுல இருக்கற சுவர் கரைஞ்சு திறந்த குழாயாகிடும், பூக்கும் தாவரங்களோட பெரிய பலம் இது. ரெண்டுமே வேலைக்கு வரும்போது செத்திருக்கணும். செல் முதல்ல சுவரை லிக்னின் போட்டுக் கட்டி முடிக்குது, அப்புறம் தன்னோட உள்பொருளைத் தானே கரைச்சுட்டு காலி ஆகுது, அந்தக் காலி இடத்துலதான் தண்ணி ஓடுது. உயிரோட இருந்தா சவ்வும் சைட்டோபிளாசமும் வழியை அடைச்சுக்கிட்டு நிக்கும் இல்லையா.

சரி, அவ்வளவு தடிமனான சுவர் எதுக்கு? இங்கதான் அழகு இருக்கு. தண்ணியை யாரும் கீழேர்ந்து தள்ளி ஏத்தறதில்ல, வேர் அழுத்தம்னு ஒண்ணு இருந்தாலும் அது உயரமான மரத்துக்குப் பத்தாது. இலையிலேர்ந்து தண்ணி ஆவியாகப் போகப் போக, தண்ணி மூலக்கூறுகள் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு மேல இழுபடுது, டிக்சனும் ஜோலியும் 1894ல சொன்ன விளக்கம் இது. வளிமண்டல அழுத்தத்தைப் போல பத்து இருபது மடங்கு இழுப்பு எல்லாம் சைலத்துல சாதாரணம். டாஸ்மேனியாவுல வளர்ற யூகலிப்டஸ் ரெக்னன்ஸ் சுமார் 100 மீட்டர் உயரம் வரைக்கும் போகும், அந்த உச்சி இலைக்கும் மோட்டார் இல்லாம தண்ணி போய்ச் சேருது. இப்போ மெல்லிசான ஸ்ட்ராவை பலமா உறிஞ்சினா என்ன ஆகும், சுவர் உள்ள ஒட்டிக்கும். வெசலும் அப்படி ஒட்டிக்கக் கூடாதுன்னுதான் லிக்னின். அதையும் ஒரே மாதிரி பூசறதில்ல, செடி இன்னும் நீண்டுக்கிட்டு இருக்கும்போது முதல்ல உருவாகற புரோட்டோசைலத்துல லிக்னின் வளையம் வளையமா இல்லன்னா சுருள் மாதிரி மட்டும் இருக்கும், அப்போதான் கூடவே நீள முடியும். நீட்சி முடிஞ்சப்புறம் வர்ற மெட்டாசைலம் அகலமா, குழிகளை மட்டும் விட்டுட்டு முழுக்கப் பூசினதா இருக்கும். இதைப் புரிஞ்சுக்கிட்டா அந்த ரெண்டு பேரும் மறக்காது.

புளோயத்துல கதை வேற. இங்க சர்க்கரைத் தண்ணி உள் அழுத்தத்தோட தள்ளப்பட்டுப் போகுது, எர்ன்ஸ்ட் முன்ச் 1930ல முன்வச்ச விளக்கம் இது. இலையில சர்க்கரை ஏறும்போது பக்கத்துலேர்ந்து தண்ணி உள்ள வரும், அழுத்தம் கூடும், சர்க்கரை எங்க இறக்கப்படுதோ அந்தப் பக்கம் நகரும், அது வேரா இருக்கலாம், காயா இருக்கலாம், மேல இருக்கற துளிரா கூட இருக்கலாம், அதனால புளோயம்னா கீழ மட்டும்தான் போகும்னு எழுதாதீங்க. சர்க்கரையை ஏத்தி இறக்கவும் அழுத்தத்தைத் தாங்கவும் சவ்வு வேணும், அதனால சல்லடைக்குழாய் செல் உயிரோட இருக்கணும், ஆனா வழியை அடைக்கவும் கூடாது. அதுக்கு செடி கண்டுபிடிச்ச வழி வினோதமானது: சல்லடைக்குழாய் செல் தன்னோட நியூக்ளியஸை இழந்துடும், பக்கத்துல ஒரு துணைசெல் உக்காந்து நுண்ணிய இணைப்புகள் வழியா அதையும் சேத்துப் பாத்துக்கும். நியூக்ளியஸ் இல்லாம ஒரு செல் மாசக்கணக்குல, சில மரங்கள்லயும் பனை வகைகள்லயும் வருஷக்கணக்குல கூட வேலை பாக்குதுங்கறது இன்னும் என்னை அசர வைக்குது. சுவர் இங்க மெல்லிசு, லிக்னின் இல்ல, முனைச் சுவர்ல மட்டும் சல்லடை மாதிரி துளைகள். காயம் பட்டா அந்தத் துளைகளை கேலோஸ்னு ஒரு பொருள் அடைச்சுடும், சர்க்கரை வீணாகாது. அசுவினிப் பூச்சி அந்த ஒரு செல்லுக்குள்ள சரியா ஊசி மாதிரி வாயை இறக்கி உறிஞ்சுது, விஞ்ஞானிகள் அந்த வாயை மட்டும் விட்டுட்டுப் பூச்சியை வெட்டி எடுத்து, அது வழியா தானா ஒழுகற சாற்றைப் பிடிச்சு ஆராய்ஞ்சிருக்காங்க, உள்ள அழுத்தம் இருக்குங்கறதுக்கு இதைவிட நேரடி சாட்சி வேணுமா.

மரப்பட்டையை வளையமா உரிச்சுட்டா என்ன ஆகும்ங்கறதை மார்செல்லோ மல்பீகி 17ஆம் நூற்றாண்டுலேயே செஞ்சு பாத்தார். வளையத்துக்கு மேல இருக்கற பகுதி வீங்கிச்சு. பட்டையோட புளோயம் போயிடுச்சு, கட்டையில இருக்கற சைலம் அப்படியே இருக்கு, அதனால தண்ணி மேல போய்க்கிட்டே இருக்கு, சர்க்கரை மட்டும் கீழ வர முடியாம நிக்குது. மரம் உடனே வாடாது, வேர் பட்டினி கிடந்து மெதுவா சாகும்.

அடுத்து தோல். புறத்தோல் பெரும்பாலும் ஒரே அடுக்கு, வெளிப்பக்கச் சுவர் மேல கியூட்டிகிள்னு மெழுகு கலந்த பூச்சு இருக்கும், தண்ணி போகாம தடுக்கும். ஆனா முழுக்க அடைச்சுட்டா கார்பன் டை ஆக்ஸைடு எப்படி உள்ள வரும், அதுக்குத்தான் இலைத்துளை. ரெண்டு காப்பு செல், துளையைப் பாத்த பக்கம் சுவர் தடிப்பு, வெளிப்பக்கம் மெல்லிசு, செல்லுலோஸ் இழைகளும் செல்லைச் சுத்திக் கட்டின மாதிரி ஓடும். தண்ணி ஏறினதும் செல் பருமனாக முடியாம நீண்டு வெளிப்பக்கமா வளையும், நடுவுல துளை திறக்கும், தண்ணி இறங்கினா மூடிக்கும். ரெண்டு செல்லோட சுவர் அமைப்பு மட்டும் இந்தக் கதவை நடத்துது.

இலைக்குள்ள போனா மேல பாலிசேட் செல்கள் நெருக்கமா நிக்கும், வெளிச்சத்தைப் பிடிக்க. கீழ ஸ்பாஞ்சி செல்கள் தளர்வா இருக்கும், காத்து ஓட. நரம்புல சைலம் மேல் பக்கம், புளோயம் கீழ் பக்கம், காரணம் சுலபம், தண்டுல சைலம் உள்ளயும் புளோயம் வெளியயும் இருக்கு, அது அப்படியே இலைக்குள்ள வளைஞ்சு வந்தா உள்பக்கம் மேல்பக்கமாகிடும். புல் இலைகள்ல இந்த மேல் கீழ் வித்தியாசம் பெருசா இருக்காது, மேல்தோல்ல பெரிய பெரிய புல்லிஃபார்ம் செல்கள் இருக்கும், வறட்சியில அது சுருங்க இலையே சுருண்டுக்கும். மக்காச்சோளம், கரும்பு மாதிரி சிலதுல நரம்பைச் சுத்தி பெரிய உறைசெல்கள் பசுங்கணிகத்தோட ஒரு மாலை மாதிரி நிக்கும், கிரான்ஸ் அமைப்புன்னு சொல்றது இதைத்தான், அது ஏன் அப்படி இருக்குன்னு 1960கள்ல சி4 ஒளிச்சேர்க்கை விளங்கினப்போதான் தெரிஞ்சது.

வேருக்கு வருவோம், இங்க ஒரு அடுக்கை மட்டும் நிதானமா பாக்கணும். வெளிய வேர்த்தூவி, ஒரே செல் நீண்டது, கியூட்டிகிள் பெருசா இல்ல, ஏன்னா உறிஞ்சணும். அதுக்கு உள்ள அகலமான புறணி, பாரன்கைமாதான். மண்ணுத் தண்ணி செல்லுக்குள்ள போகாமலேயே சுவர் வழியா, இடைவெளி வழியா ஊறி ரொம்ப தூரம் உள்ள வந்துட முடியும், கரைஞ்சிருக்கற எதுவா இருந்தாலும் கூடவே வரும், நல்லதும் கெட்டதும். அப்படியே சைலத்துல கலந்துட்டா செடிக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்ல. அதைத் தடுக்கறது அகத்தோல், எண்டோடெர்மிஸ். அந்த ஒரு அடுக்கு செல்கள்ல, பக்கச் சுவரைச் சுத்தி லிக்னினும் சூபரினும் மாதிரி தண்ணி ஊறாத பொருளால ஒரு பட்டை இருக்கு, காஸ்பேரியன் பட்டைன்னு பேரு, 19ஆம் நூற்றாண்டுல அதை விவரிச்ச ராபர்ட் காஸ்பரி பேரால வந்தது. சுவர் வழி இங்க முடிஞ்சுது, இதுக்கு மேல போகணும்னா உயிருள்ள செல்லோட சவ்வைக் கடந்துதான் ஆகணும், சவ்வு எதை விடறது எதை நிறுத்தறதுன்னு பாத்து விடும். வேரோட படத்துல எந்த அம்புக்குறியை மறந்தாலும் இதை மறக்காதீங்க, செடி எந்த உப்பை எடுக்கணும்னு முடிவு பண்றதுல பெரும்பங்கு இந்த எல்லையிலதான் நடக்குது.

அகத்தோலுக்கு உள்ள பெரிசைக்கிள், பக்க வேர்கள் இங்கேர்ந்துதான் கிளம்பும், புறணியைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். அதுக்கும் உள்ள சைலமும் புளோயமும் தனித்தனி ஆரத்துல மாத்தி மாத்தி நிக்கும். தண்டுல ரெண்டும் ஒரே ஆரத்துல ஒண்ணா கற்றையா இருக்கும். புரோட்டோசைலம் வேர்ல வெளிப்பக்கம் இருந்தா எக்ஸார்க், தண்டுல உள்பக்கம் இருந்தா எண்டார்க், அவ்வளவுதான் அந்த வார்த்தைகள்.

இருவிதையிலைத் தண்டுல கற்றைகள் வளையமா நிக்கும், சைலத்துக்கும் புளோயத்துக்கும் நடுவுல கேம்பியம் இருக்கும். ஒருவிதையிலைத் தண்டுல கற்றைகள் சிதறிக் கிடக்கும், கேம்பியம் இல்ல, ஒவ்வொரு கற்றையைச் சுத்தியும் ஸ்கிளிரன்கைமா உறை. இந்தக் கேம்பியம் இருக்கா இல்லையாங்கறதுலேர்ந்து எவ்வளவோ விஷயம் வருது. கேம்பியம் வளையமா இணைஞ்சு உள்ள சைலத்தையும் வெளிய புளோயத்தையும் வருஷா வருஷம் சேத்துக்கிட்டே போகும், உள்ள சேந்த சைலம்தான் நாம கட்டைன்னு சொல்றது. பருவம் மாறற இடங்கள்ல வளர்ச்சி தொடங்கறப்போ அகலமான வெசலும், முடியறப்போ குறுகினதும் வரும், அந்த எல்லைதான் ஆண்டு வளையம். நடுவுல இருக்கற பழைய கட்டை பிசின், டானின் எல்லாம் சேந்து கறுத்து வைரக்கட்டையாகிடும், தண்ணி கடத்தாது, ஓரத்து மென்கட்டைதான் கடத்தும், அதனாலதான் நடுவுல பொந்து விழுந்த மரம் கூட தழைச்சு நிக்குது. ஒட்டுக்கட்டும்போது ரெண்டு தண்டோட கேம்பியமும் ஒண்ணை ஒண்ணு தொடணும்னு சொல்றதும், தென்னை பனையில வழக்கமான ஒட்டு வேலைக்கு ஆகாததும், அதுல ஆண்டு வளையம் பாக்க முடியாததும் எல்லாமே இதே காரணம்.

உள்ள பருக்கும்போது வெளித்தோல் கிழிஞ்சுடும், அதுக்கு பதிலா தக்கைக் கேம்பியம் தக்கையை உருவாக்கும், சுவர்ல சூபரின் ஏறின செத்த செல்கள். ராபர்ட் ஹூக் 1665ல மைக்ரோஸ்கோப்ல பாத்து செல்னு பேர் வச்சது இந்தத் தக்கையைத்தான், உள்ள ஒண்ணுமில்ல, அவர் பாத்தது வெறும் சுவர்.

இதையெல்லாம் நேர்ல பாக்கணும்னா ரொம்பச் செலவு இல்ல. காசித்தும்பை மாதிரி தண்டு வெளிச்சம் ஊடுருவற செடியை சிவப்பு மை கலந்த தண்ணியில கொஞ்ச நேரம் வச்சா சைலம் மட்டும் சிவப்பு கோடா மேல ஏறறது தெரியும். மைக்ரோஸ்கோப் கிடைச்சா இளந்தண்டை புது பிளேடால நனைச்சு நனைச்சு மெல்லிசா சீவுங்க, முழு வட்டம் வரலைன்னா பரவாயில்ல, ஓரம் மெல்லிசா இருந்தாலே போதும். சாஃப்ரனின்ங்கற சாயத்தைப் போட்டுக் கழுவினா லிக்னின் ஏறின சுவர் எல்லாம் சிவப்பா நிக்கும். எந்த ஸ்லைடுன்னு தெரியாம கையில வந்தா முதல்ல சைலமும் புளோயமும் ஒரே ஆரத்துல இருக்கா வேற வேற ஆரத்துல இருக்கான்னு பாருங்க, வேர் தண்டு முடிவாயிடும். வேர்னா சைலக் கூட்டம் ரெண்டுலேர்ந்து ஆறுக்குள்ள இருந்தா பெரும்பாலும் இருவிதையிலை, அதுக்கு மேல நிறைய இருந்து நடுவுல பெரிய பித் (மையத்துல இருக்கற பாரன்கைமா) இருந்தா ஒருவிதையிலை. தண்டுன்னா கற்றை வளையமா சிதறலான்னு பாத்தா போதும்.